எல்லைக்கு எந்தப் பக்கம் வீடு?

பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பிலிருந்து ஓசூர் பேருந்து நிலையம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்துக்குள் பொம்மனஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று ஊர் ஊராக வந்து, ஜூஜூவாடியில் தமிழ்நாடு தொடங்குகிறது. இந்தச் சாலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. எந்த ஊரில் வீடு பிடிப்பது என்ற கேள்வி வரும்போது வாடகையைப் பார்ப்பார்கள், வேலைக்குப் போய்வர ஆகும் நேரத்தைப் பார்ப்பார்கள். அந்த ஊர் யாருடைய ஆட்சியில் இருக்கிறது, அங்கே குடியேறினால் நமக்கு என்ன கிடைக்கும், எது கைவிட்டுப் போகும் என்று விசாரிப்பவர்கள் குறைவு. அதையும் சேர்த்து விசாரிக்கத்தான் இந்தப் பயணம்.

என் தங்கை பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் தரப் பரிசோதகர். மாப்பிள்ளைக்கு ஓசூர் சிப்காட்டில் டூல் ரூம் வேலை. கல்யாணமான நாளிலிருந்து பொம்மனஹள்ளியில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் இப்போது மாத வாடகை வேண்டாம், லீசுக்கு விடப்போகிறேன் என்கிறார். பல லட்சத்தை மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். அவ்வளவு பணத்துக்கு இவர்கள் எங்கே போவார்கள்? மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். "ஒரு தடவ வந்து பாத்துட்டுச் சொல்லுண்ணா, கணக்குப் போட்டுப் போட்டு எங்க ரெண்டு பேருக்கும் தல சுத்துது" என்று தங்கை போனில் சொன்னாள். சேலத்திலிருந்து கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை சில்க் போர்டு நிலையத்தில் நாங்கள் நால்வரும் மெட்ரோ ஏறினோம். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 16 நிலையங்கள், 19 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடம் இது. தொடங்கியபோது போதுமான வண்டிகள் இல்லாமல் 25 நிமிடத்துக்கு ஒன்றுதான் ஓடியது. இருந்தும் மக்கள் அதை விடவில்லை. கீழே சாலையில் பேருந்தும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்க, மேலே மெட்ரோ வண்டி சத்தமில்லாமல் போகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் மொட்டை மாடிகளில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை. தங்கையின் காலைப் பயணம் இந்தத் தடத்தால் பாதியாகக் குறைந்திருக்கிறது. அதே தடத்தால்தான் வாடகையும் ஏறியது. நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் வீட்டுக்கு இப்போது தனி விலை என்று தரகர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்.

வண்டியில் வரும்போது மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க வார்டு கவுன்சிலர் யாரு மாப்ள?"

"கவுன்சிலரா? அப்படி யாரும் இல்லீங்களே மச்சான்."

அவர் சொன்னது சரி. பெங்களூர் மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்துக்கு 2020 செப்டம்பரில் காலம் முடிந்தது. அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை, அதிகாரிகள் ஆட்சிதான். 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரித்தார்கள். நாட்டின் தகவல் தொழில்நுட்பத் தலைநகரத்தில், தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய் நிற்க ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல் இல்லாமல் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளி முடித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டைத் தூக்கிப் பேசவும் இதில் இடமில்லை. 2016 அக்டோபரில் காலாவதியான நம் நகராட்சி மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. மாநகராட்சியான ஓசூரும் அப்போதுதான் தன் முதல் மன்றத்தைக் கண்டது, 45 வார்டுகளோடு.

அடுத்து நான் கேட்டது தாள்களைப் பற்றி. வாக்காளர் அட்டை எங்கே இருக்கிறது? சேலத்தில். ரேஷன் கார்டு? சேலத்தில், அம்மா வீட்டு முகவரியில். ஆதார்? அதுவும் சேலம். உழைப்பும் வாடகையும் வரியும் பொம்மனஹள்ளியில். தேர்தலுக்குத் தேர்தல் ஊருக்கு வந்து ஓட்டுப் போடுவது பெருமை என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சேலத்து சட்டமன்ற உறுப்பினர் பொம்மனஹள்ளிச் சாக்கடையைச் சரிசெய்ய முடியாது. பொம்மனஹள்ளி சட்டமன்ற உறுப்பினருக்கு இவர்கள் இருப்பதே தெரியாது. பத்தாண்டுக்கு மேலாக இந்தக் குடும்பம் எந்த ஆட்சியின் கணக்கிலும் இல்லாமல் வாழ்ந்திருக்கிறது. இப்படி வாழ்கிறவர்கள் இந்தச் சாலை நெடுகிலும் இருக்கிறார்கள். எனக்கு அன்று மனத்தில் விழுந்த முதல் பாரம் இதுதான்.

ஹெப்பகோடியிலும் பொம்மசந்திராவிலும் நாங்கள் அதிக நேரம் செலவழிக்கவில்லை. தர்மபுரி, ஒடிசா, அசாம் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஒரே அறையில் நான்கு பேர், ஆறு பேர் என்று தங்கும் இடம் அது. தனியாளுக்கு அருமையான ஊர். ஷிப்ட் முடிந்ததும் நடந்தே அறைக்குப் போய்விடலாம். பத்து வயதுப் பெண் குழந்தைக்கு ஓடியாட ஒரு மரநிழல் தேடினோம், கிடைக்கவில்லை.

சந்தாபுராவில் நிறுத்தி ஹீலலிகே ரயில் நிலையத்தைப் பார்த்தோம். பெங்களூரிலிருந்து ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலம் போகும் பாதை இது. என் சிறுவயதில் மீட்டர்கேஜ். அகலப்பாதையாகி, மின்மயமும் ஆகிவிட்டது. பையப்பனஹள்ளியிலிருந்து ஓசூர் வரை இரட்டைப் பாதை வேலை நடக்கிறது. பெங்களூர் புறநகர் ரயில் திட்டத்தில் ஹீலலிகே ஒரு தடத்தின் கடைசி நிலையம். ஓசூருக்கு இங்கிருந்து நடுவில் ஆனேக்கல் ரோடு என்ற ஒரே நிலையம்தான். திட்டம் போட்டவர்களின் கோடு எல்லைக்கு முன்னால் நின்றுவிட்டது.

மெட்ரோவின் கதையும் இதே. பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு நீட்டிக்க வேண்டும் என்று தமிழ்நாடு கேட்டது. சாத்தியமா என்று ஆராயும் பொறுப்பு சென்னை மெட்ரோ நிறுவனத்துக்கு வந்தது. கர்நாடகத்தில் கன்னட அமைப்புகள் எதிர்த்தன. பெங்களூர் வேலைகள் வெளியே போய்விடும், வெளியாட்கள் இன்னும் வருவார்கள் என்பது அவர்கள் அச்சம். தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. பெங்களூர் மெட்ரோ தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் எடுக்கிறது. சென்னை மெட்ரோ தலைக்குமேல் கம்பியில் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் எடுக்கிறது. ஒன்றின் வண்டி மற்றொன்றின் தடத்தில் அப்படியே ஓடாது. மனம் இருந்தால் ஒரே நிலையத்தில் இறங்கி எதிர் நடைமேடையில் ஏறுகிற மாதிரி அமைத்துவிடலாம் என்பது என் எண்ணம். மின்சாரத்தைவிட அரசியல்தான் அங்கே பெரிய தடை.

அத்திப்பள்ளியில் வீடு அமைந்துவிட்டது போலத்தான் இருந்தது. கன்னடத்தில் அத்திபெலே. பெங்களூர் நகர மாவட்டம், ஆனேக்கல் தாலுகா, தனிப் புரசபை. இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வாசல், மாடிக்கு வெளியே படிக்கட்டு. வாடகை 9,500 சொன்னார்கள். வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ் பேசினார். "நம்ம ஊர்ல ஜாதி, பாஷை எதுவும் கேக்க மாட்டம்மா. கரெக்டா அஞ்சாந்தேதி வாடக வந்தாப் போதும்" என்று தங்கையிடம் சொன்னார். நல்ல மனிதர். தண்ணீரைப் பற்றிக் கேட்டபோதும் மறைக்கவில்லை: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், சித்திரை வைகாசியில் லாரி.

திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அத்திப்பள்ளி இருவருக்கும் நடு வழி. மாப்பிள்ளைக்கு சிப்காட் பைக்கில் கால்மணி நேரம். தங்கைக்குப் பொம்மசந்திரா ஒரே பேருந்து. கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில், 2023 ஜூனிலிருந்து, அந்த மாநில முகவரி உள்ள பெண்களுக்கு அரசுப் பேருந்து இலவசம். கிருஹ ஜோதியில் 200 யூனிட் வரை மின்கட்டணம் இல்லை, வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. ரேஷன் கார்டை இங்கே மாற்றி, குடும்பத் தலைவி என்று பதிந்தால் கிருஹ லக்ஷ்மியில் மாதம் 2,000 ரூபாய். தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை 1,000. மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நகரப் பேருந்து நம்மிடமும் பெண்களுக்கு இலவசம்தான். ஆனால் ஓசூரில் குடியிருந்தால் தங்கையின் இலவசம் எல்லையோடு முடிந்துவிடும், அதற்கு அப்பால் கர்நாடகப் பேருந்தில் அவள் டிக்கெட் எடுக்க வேண்டும். எல்லாம் கூட்டிக் கழித்தால் அத்திப்பள்ளியில் மாதம் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் மிச்சம்.

தங்கையின் முகத்தில் ஒரு தெளிச்சி. "அப்ப இங்கயே பாத்துடலாமாண்ணா?"

ஓசூரையும் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

எல்லையை நடந்தே கடந்தோம். இருபுறமும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் அகலமான சாலை. இன்று சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். மாப்பிள்ளை அந்த இடத்தில் வந்ததும் பேச்சை நிறுத்தி, ஒரு மரத்தைக் காட்டினார். 2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீரைத் திறந்துவிடும்படி உச்ச நீதிமன்றம் சொன்னதும் பெங்களூர் பற்றி எரிந்தது. தமிழ்நாட்டு எண் பலகை இருந்த வண்டிகளைத் தேடிக் கொளுத்தினார்கள். தனியார் பேருந்துப் பணிமனை ஒன்றில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் ஒரே நாளில் கரியாயின. தமிழ்நாட்டிலும் சில இடங்களில் கர்நாடகத்தவரின் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன, அதையும் சொல்லவேண்டும். பேருந்துகள் எல்லையோடு நின்றுவிட, மூட்டை முடிச்சோடு ஜனங்கள் இந்தச் சாலையில் நடந்து மாநிலம் மாறினார்கள். டி.என். 70 எண் போட்ட தன் பைக்கை இந்தப் பக்கம் நண்பர் வீட்டில் போட்டுவிட்டு, அந்த மரத்தடியில் நின்று மனைவிக்குப் போன் செய்ததாக மாப்பிள்ளை சொன்னார். அவள் அப்போது கைக்குழந்தையோடு பொம்மனஹள்ளியில் இருந்தாள். மேல்வீட்டுக் கன்னடக்கார அம்மா இரண்டு நாள் இவர்களைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டாராம்.

என் தலைமுறைக்கு 1991 டிசம்பர் நினைவிருக்கிறது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த கையோடு பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கானோர் இதே ஓசூர் வழியாகத் தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தார்கள். அல்சூரில் நிறுவிய திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டு மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டில் கருணாநிதியும் எடியூரப்பாவும் அதைத் திறந்தார்கள். அதே வாரத்தில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறக்கப்பட்டது. இரண்டு முதலமைச்சர்கள் மனம் வைத்தபோது பதினெட்டு ஆண்டு முடிச்சு ஒரு வாரத்தில் அவிழ்ந்தது என்பதை நான் மறக்காமல் வைத்திருக்கிறேன். எண் பலகையைப் பார்த்துக் கல் எறிகிற நாள் அபூர்வம்தான். ஆனாலும் வீடு தேடுகிறவன் அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

ஓசூர் எங்கள் பழைய சேலம் ஜில்லா. 1965-ல் தர்மபுரியோடு பிரிந்தது, 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டமானது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்தில்தான் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருப்பதால் மாசி மாதத்து மாலையில்கூடக் காற்றில் ஈரம் இருந்தது. ஊரின் தெருக்களில் தெலுங்கு, கன்னடம், தமிழ், உருது நான்கும் கலந்து கேட்கும். மருமகள் கேட்டாள்: "மாமா, இங்க கன்னடம் பேசுற பசங்க இருப்பாங்களா?" எதிரே பூக்கடையில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அவளே கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

இந்த ஊர் இப்படி வளர்ந்ததற்கே அரசியல்தான் காரணம். பெங்களூருக்கு ஒரு மணி நேரம், ஆனால் தமிழ்நாட்டு மண். அந்த இடத்தில் தொழிற்பேட்டை போட்டால் பெங்களூரின் வசதியும் நம் அரசின் சலுகையும் சேரும் என்று 1970-களில் சிப்காட் கணக்குப் போட்டது. அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். வந்தது. தமிழ்நாடு அரசின் டிட்கோவோடு கூட்டாகத் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரம் செய்ய இங்கே ஆலை போட்டது. இன்று மின்வாகனமும் கைப்பேசி உதிரிபாகமும் செய்கிறார்கள். விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த நாளிலிருந்து மனை விலை ஏறுகிறது என்று ஆட்டோக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்கிறார்கள்.

குறைகளையும் கண்ணால் பார்த்தோம். சிப்காட் சந்திப்பில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் நகர முடியவில்லை. பாகலூர் சாலையில் தூசி. ஊருக்கு வெளியே கெலவரப்பள்ளி அணைக்குப் போனோம். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவை எல்லாம் சுமந்துகொண்டு இங்கே வந்து, மதகுவழி விழும்போது வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. மழைக்காலத்தில் நுரை சாலையையே மூடிவிடும். நாற்றம் தாங்காமல் மருமகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பல ஆயிரம் ஏக்கர் பயிருக்கு நீராகப் போகவேண்டிய ஆறு இது. ஒரு மாநிலத்தின் சாக்கடை இன்னொரு மாநிலத்தின் பாசனமாவதை யார் தட்டிக் கேட்பது? இரு மாநிலங்களின் தென்பெண்ணை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் இந்த நுரை அடங்கவில்லை.

குடிநீர் மட்டும் வேறு கதை. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறையும் வளைந்த எலும்புகளுமாகத் தலைமுறைகள் துன்பப்பட்டன. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் தண்ணீர் வந்தது. அந்தக் காவிரி இன்று ஓசூருக்கு வருகிறது. பெங்களூர் நகரமும் காவிரியைத்தான் குடிக்கிறது. 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெங்களூரின் தாகத்துக்கென்றே 4.75 டி.எம்.சி. கூட ஒதுக்கியது. இரண்டு காவிரிக்கும் நடுவில், நாங்கள் பார்த்த அத்திப்பள்ளி வீட்டில் ஆழ்துளைக் கிணறும் லாரியும். குழாயைத் திறந்தால் என்ன தண்ணீர் வருகிறது என்பதை நீதிமன்றமும் சட்டமன்றமும் தீர்மானித்திருக்கின்றன.

ஓசூரில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வாடகை 8,000. வீட்டுக்கார அம்மா தெலுங்குக்காரர், எழுபது வயதிருக்கும். மூன்று மாத வாடகை முன்பணம் போதும் என்றார். 2017-ல் கொண்டுவந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தனியாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது பெங்களூரின் பழைய வழக்கம். அந்த அம்மா சட்டத்தைப் படித்துச் சொன்னாரா, இயல்பாகவே நியாயமானவரா, தெரியவில்லை. "பாப்பா எந்த கிளாசும்மா?" என்று கேட்டார். ஆறாம் வகுப்புக்குப் போகிறாள் என்றதும், தெருக்கோடியில் இருக்கிற அரசுப் பெண்கள் பள்ளியைக் கைகாட்டினார். தன் பேத்தி அங்கே படித்துத்தான் வேளாண் கல்லூரிக்குப் போனாளாம்.

அன்றிரவு பொம்மனஹள்ளி வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்து பேசினோம். நான் சொன்னது இதுதான். வாடகை ஓசூரில் குறைவுதான், பேருந்தையும் சலுகைகளையும் சேர்த்த உங்கள் கணக்கில் அத்திப்பள்ளிதான் ஜெயிக்கிறது. ஆனால் பாப்பாவுக்கு இது ஆறாம் வகுப்பு. தமிழ்நாட்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு, நீட் தேறினால், மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. அப்படிச் சேர்கிறவர்களின் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இவற்றுக்கெல்லாம் மேலே 69 சதவீத இட ஒதுக்கீடு, 1994-ல் அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஏறிய சட்டம். இந்தக் கதவுகள் எல்லாம் ஆறாம் வகுப்பில் திறக்கின்றன. ஏழாம் வகுப்பில் வந்து தட்டினால் பாதிக் கதவு சாத்தியிருக்கும்.

கர்நாடகம் தன் பிள்ளைகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. கிராமப்புறத்தில் படித்தவர்களுக்கு 15 சதவீதம், கன்னட வழியில் படித்தவர்களுக்கு 5 சதவீதம் என்று தொழிற்கல்வியில் அங்கேயும் ஒதுக்கீடு உண்டு. நகரத்தில் ஆங்கில வழியில் படிக்கும் எங்கள் பாப்பாவுக்கு இரண்டும் பொருந்தாது. பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு இந்த விஷயம் இன்னும் கூர்மையானது. பிறந்த மாநிலத்தின் சான்றிதழை எடுத்துக்கொண்டு குடிபெயர்ந்த மாநிலத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 1990-ல் சொல்லிவிட்டது. எல்லையைத் தாண்டிய அப்பன் தன் உரிமையை மட்டுமல்ல, பிள்ளையின் உரிமையையும் இந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போகிறான். பல பேருக்கு இது பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபிறகுதான் தெரியவருகிறது.

தங்கை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தமிழ் எழுதப் படிக்க அவளுக்கு வராதேண்ணா, கன்னடம்தானே ரெண்டாம் பாஷை" என்றாள். அது உண்மையான கவலை. தமிழ்நாட்டில் 2006-ன் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், எல்லையோரத்துத் தெலுங்கு, கன்னடக் குடும்பங்கள் இதனால் படுகிற சிரமம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பேச்சில் தமிழ் இருக்கும் குழந்தைக்கு எழுத்து ஒரு கோடை விடுமுறையில் பிடிபட்டுவிடும் என்று சொன்னேன். சித்திரையிலும் வைகாசியிலும் சேலத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு. அவள் கற்ற கன்னடமும் வீணாகாது, ஓசூரில் அந்த மொழிக்கு வேலை இருக்கிறது.

"பஸ்சுக்கு நாந்தான அலையணும்" என்றாள் அடுத்து. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்குக் காலையில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், எல்லையில் வண்டி மாறவேண்டியும் வரலாம். பாரம் அவள் தலையில்தான் விழுகிறது. மாப்பிள்ளை சொன்னார்: "காலைல சமையலும் பாப்பாவ ஸ்கூலுக்கு அனுப்புறதும் என் வேல. எனக்கு அங்கிருந்து சிப்காட் பத்து நிமிஷம்." அந்த வார்த்தையில்தான் வீடு முடிவானது என்று நினைக்கிறேன். அவர்கள் ஓசூர் வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்கள்.

எல்லோருக்கும் ஓசூர்தான் சரி என்று இதற்குப் பொருளில்லை. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, கன்னடம் பேசி, அங்கேயே ஓட்டுப் போட்டு, அங்கேயே கேள்வி கேட்கிற தமிழர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் கர்நாடகத்தின் குடிமக்கள். பிள்ளையைக் கன்னடம் படிக்க வைத்து, ஆதாரையும் ரேஷன் கார்டையும் வாக்கையும் அங்கே மாற்றி, முழுமையாகக் குடியேறுகிறவர்களுக்கு அத்திப்பள்ளி அருமையான ஊர். கூடாதது இரண்டுங்கெட்ட வாழ்வுதான்.

இரண்டு அரசுகளுக்கும் ஒரு வேண்டுகோள். எல்லைக்கு இருபுறமும் செல்லும் ஒரே மாதப் பயணச்சீட்டு கொடுங்கள், பெண்களின் இலவசப் பயணம் ஜூஜூவாடியில் அறுந்துபோக வேண்டியதில்லை. இரட்டைப் பாதை முடியும்போது ஆலைகளின் ஷிப்ட் நேரத்துக்கு ஓசூரிலிருந்து ஹீலலிகேவுக்கும் அதற்கு அப்பால் கார்மேலாரத்துக்கும் ரயில் விடும்படி ரயில்வேயைக் கேளுங்கள். ஓசூர் நிலையம் தமிழ்நாட்டில் இருந்தாலும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் கோட்டத்தின் கீழ் வருகிறது. ஒரே கோட்டத்துக்குள் வண்டி விட இரண்டு முதலமைச்சர்கள் உட்கார்ந்து பேசவேண்டிய அவசியம்கூட இல்லை.

இந்தச் சாலையில் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்பணம் கொடுக்கும் முன்பு நான்கு விஷயங்களை விசாரியுங்கள்: குழாயில் என்ன தண்ணீர், வார்டில் யார் கவுன்சிலர், பிள்ளை எந்த மாநிலத்துப் பள்ளிச் சான்றிதழோடு வெளியே வரும், உங்கள் ரேஷன் கார்டும் வாக்கும் எங்கே இருக்கும். குடிபோன வாரத்திலேயே வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8-ஐக் கொடுத்துவிடுங்கள்.